780 நா.மீ ஃபைபரிலிருந்து இணைக்கற்றை: லென்ஸைத் தேர்ந்தெடுப்பதும் குவியம் வைப்பதும்

வேலை இதுதான். ருபிடியத்தின் டி2 கோட்டுக்கு, அதாவது 780.24 நானோமீட்டருக்கு, இசைத்த டயோடு லேசரின் ஒளி ஒரு சிங்கிள்மோட் ஃபைபர் (ஒளி ஒரே வடிவில் மட்டும் ஓடும் கண்ணாடி இழை) வழியாக மேசைக்கு வருகிறது. ஃபைபர் முனையில் கூம்பாக விரியும் அந்த ஒளி 75 மி.மீ நீள ருபிடியம் ஆவிக்குப்பியைக் கடந்து, கண்ணாடியில் பட்டுத் திரும்பி, மறுபடி குப்பி வழியாக வந்து டிடெக்டரில் விழ வேண்டும். மொத்தப் பாதை சுமார் ஒன்றரை மீட்டர். அந்தத் தூரம் முழுக்கக் கற்றையின் விட்டம் ஏறத்தாழ மாறாமல் 2 மி.மீ-க்குச் சற்று மேல் இருக்க வேண்டும்.

2 மி.மீ என்ற அளவுக்குக் காரணம் உண்டு. விட்டம் 2.3 மி.மீ என்றால் 100 மைக்ரோவாட் ஒளிக்கு நடுவில் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 4.8 மில்லிவாட் வரும். ருபிடியம்-87 அணுவின் நிறைவுச் செறிவு (உட்கவர்தல் நிறைவை நெருங்கத் தொடங்கும் அளவு) சதுர சென்டிமீட்டருக்கு 1.67 மில்லிவாட் என்பதால், நிறைவு உட்கவர் நிறமாலைக்கு, அதாவது எதிரெதிர்க் கற்றைகளால் அணுவின் கூர்மையான கோடுகளைப் பார்க்கும் முறைக்கு, இது வசதியான இடம். கற்றையை அரை மி.மீ ஆக்கினால் அதே திறனில் செறிவு இருபது மடங்குக்கு மேல் ஏறி, கோடுகள் அகன்றுவிடும். அணுக்களும் கற்றையைச் சட்டென்று கடந்து போய்விடும். எனவே முதலில் என்ன விட்டம் வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு லென்ஸுக்கு வர வேண்டும். கையில் கிடக்கும் லென்ஸை மாட்டிவிட்டு வந்த விட்டத்தோடு சமாளிப்பது ஒருபோதும் நல்ல வழி அல்ல.

என்.ஏ-வை வைத்துக் கணக்குப் போடக் கூடாது

பலரும் செய்வது இது: ஃபைபரின் என்.ஏ (ஒளி விரியும் கோணத்தைக் குறிக்கும் எண்) 0.13 என்று அட்டையில் இருக்கிறது, குவியத் தொலைவு 11 மி.மீ, ஆக விட்டம் 2 × 11 × 0.13 = 2.86 மி.மீ. ஒளி பல வடிவங்களில் ஓடும் மல்டிமோட் ஃபைபருக்கு இந்தக் கணக்கு சரி. சிங்கிள்மோடுக்குத் தவறு. சிங்கிள்மோட் ஃபைபரிலிருந்து வருவது கூர்மையான விளிம்புள்ள கூம்பு அல்ல, நடுவில் உச்சமாக இருந்து ஓரம் நோக்கி மெல்லக் குறையும் காஸியன் வடிவக் கற்றை. அது எவ்வளவு விரியும் என்பதைத் தீர்மானிப்பது ஃபைபருக்குள் ஒளி பரவியிருக்கும் வட்டத்தின் அளவான மோட் ஃபீல்ட் விட்டம், சுருக்கமாக எம்.எஃப்.டி. என்.ஏ என்று அச்சிடும் எண் ஃபைபருக்கு ஃபைபர் வேறு பொருளில் வரும். சிலர் ஒளி ஓடும் உள்ளகத்துக்கும் அதைச் சுற்றியுள்ள உறைக்கும் உள்ள ஒளிவிலகல் எண் வேறுபாட்டிலிருந்து கணக்கிட்டுப் போடுவார்கள். கார்னிங் எஸ்எம்எஃப்-28 ஃபைபருக்குத் தரும் 0.14, செறிவு உச்சத்தின் 1 விழுக்காட்டுக்கு இறங்கும் கோணத்தில் எடுத்தது. காஸியன் விட்டம் என்று நாம் வழக்கமாகச் சொல்வது செறிவு உச்சத்தின் 13.5 விழுக்காடாகக் குறையும் இடத்தை. இந்த இரண்டுக்கும் இடையே ஒன்றரை மடங்கு வித்தியாசம்.

பயன்படுத்த வேண்டிய சூத்திரம்:

விட்டம் = 1.273 × அலைநீளம் × குவியத் தொலைவு ÷ எம்.எஃப்.டி

அலைநீளத்தையும் எம்.எஃப்.டி-யையும் மைக்ரானில் போட்டால், குவியத் தொலைவு எந்த அலகில் இருக்கிறதோ விட்டமும் அதே அலகில் வரும்.

இனி எம்.எஃப்.டி. நுஃபெர்ன் 780-எச்பி ஃபைபரின் தரவுத்தாளில் 5.0 ± 0.5 மைக்ரான் என்று இருக்கும். ஆனால் அந்த எண் 850 நா.மீ-க்கு உரியது. அலைநீளம் குறையும்போது மோட் உள்ளகத்துக்குள் இன்னும் ஒடுங்கும். 780 நா.மீ-க்கு வரும்போது சுமார் 6 விழுக்காடு சுருங்கி 4.7 மைக்ரான் ஆகிறது. ± 0.5 என்ற தாராளத்தையும் சேர்த்தால் 4.2 முதல் 5.2 வரை எதுவும் இருக்கலாம். 11 மி.மீ லென்ஸில் இதன் விளைவு 2.1 முதல் 2.6 மி.மீ வரையிலான விட்டம், நடுவில் 2.32. ஃபைபர் கையில் வருவதற்கு முன்னால் தசம இடங்களைப் பற்றிக் கவலைப்படுவதில் பயன் இல்லை. கற்றையை ஒருமுறை அளந்த பிறகு அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு உங்கள் ஃபைபரின் உண்மையான எம்.எஃப்.டி-யைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2.4 மி.மீ அளந்தால் 4.55 மைக்ரான். அடுத்த லென்ஸ் வாங்கும்போது அந்த எண்தான் உதவும், தரவுத்தாள் அல்ல.

எந்தக் குவியத் தொலைவு

வார்ப்பு ஆஸ்ஃபெரிக் (கோளமல்லாத வளைவுள்ள) லென்ஸ்கள் சில நிலையான குவியத் தொலைவுகளில்தான் கிடைக்கின்றன. லைட்பாத், தோர்லாப்ஸ் என எந்த நிறுவனத்தில் பார்த்தாலும் ஏறத்தாழ இதே வரிசைதான். எம்.எஃப்.டி 4.7 என்று வைத்து 780 நா.மீ-க்குப் போட்ட கணக்கு:

| குவியத் தொலைவு | கற்றை விட்டம் | ராலே தூரம் |
|---|---|---|
| 4.51 மி.மீ | 0.95 மி.மீ | 0.9 மீ |
| 6.24 மி.மீ | 1.32 மி.மீ | 1.75 மீ |
| 8.0 மி.மீ | 1.69 மி.மீ | 2.9 மீ |
| 11.0 மி.மீ | 2.32 மி.மீ | 5.4 மீ |
| 18.4 மி.மீ | 3.89 மி.மீ | 15.2 மீ |

ராலே தூரம் என்பது கற்றையின் மிகக் குறுகிய இடத்திலிருந்து விட்டம் 1.41 மடங்காகும் வரையுள்ள தூரம். ‘முழுக்க இணையான கற்றை’ என்று ஒன்று கிடையாது. உங்கள் பாதை ராலே தூரத்தைவிட எவ்வளவு குறைவு என்பதுதான் கேள்வி. 11 மி.மீ லென்ஸில் லென்ஸருகே 2.32 மி.மீ இருக்கும் கற்றை 1 மீட்டரில் வெறும் 1.7 விழுக்காடுதான் பெருக்கும். 4.51 மி.மீ லென்ஸில் அதே 1 மீட்டருக்குள் விட்டம் ஒன்றரை மடங்காகிவிடும்.

விரிகோணம் நினைவில் வைக்க எளிது: எம்.எஃப்.டி-யைக் குவியத் தொலைவால் வகுத்தால் போதும். 4.7 மைக்ரான் ÷ 11 மி.மீ = 0.43 மில்லிரேடியன், முழுக் கோணம். கற்றை குறைவாக விரிய வேண்டும் என்றால் குவியத் தொலைவைக் கூட்டித்தான் ஆக வேண்டும், அப்போது விட்டமும் கூடும். சிறிய விட்டமும் குறைந்த விரிவும் சேர்ந்து கிடைக்க எந்த லென்ஸாலும் வழி இல்லை.

நம் வேலைக்கு 11 மி.மீ.

ஒளி கடக்கும் விட்டம்: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்

11 மி.மீ ஆஸ்ஃபெரிக்கின் என்.ஏ 0.25, ஒளி கடக்கும் விட்டம் 5.5 மி.மீ. 18.4 மி.மீ லென்ஸின் என்.ஏ 0.15, ஒளி கடக்கும் விட்டம் அதே 5.5 மி.மீ. ஃபைபரின் என்.ஏ 0.13 தானே, 0.15 அதைவிடப் பெரியது, எனவே 18.4-ம் சரிதான் என்று தோன்றும். தோன்றுவது தவறு.

காஸியன் கற்றைக்கு விளிம்பு கிடையாது. லென்ஸின் துளை கற்றை விட்டத்துக்குச் சமமாக இருந்தால் 86.5 விழுக்காடு ஒளிதான் கடக்கும். 1.57 மடங்கு இருந்தால் 99 விழுக்காடு கடக்கும். திறன் கணக்கில் இது போதும் போலத் தெரியும், ஆனால் வெட்டுப்பட்ட அந்த 1 விழுக்காடு விளிம்பு விளைவால் கற்றைக்குள் வளையங்களை உண்டாக்கும், செறிவில் ± 17 விழுக்காடு வரை அலை வரும். அதை ± 1 விழுக்காட்டுக்குள் அடக்க வேண்டுமானால் துளை கற்றை விட்டத்தைப் போல 2.3 மடங்கு வேண்டும். ஒளியை மீண்டும் ஒரு ஃபைபருக்குள் செலுத்த வேண்டியிருந்தாலோ, கற்றையின் வடிவம் அளவீட்டைப் பாதிக்கும் என்றாலோ, 2.3-க்குக் கீழே இறங்காதீர்கள்.

11 மி.மீ-க்கு: 5.5 ÷ 2.32 = 2.37. சரியாகப் பொருந்துகிறது. 18.4-க்கு: 5.5 ÷ 3.89 = 1.41. ஒளியில் 2 விழுக்காடு மட்டுமே இழப்பு, ஆனால் கேமராவில் பார்த்தால் கற்றை முழுக்க வளையங்கள். அந்த வளையங்களைக் கண்டதும் லென்ஸில் தூசி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. எவ்வளவு துடைத்தாலும் அவை போகாது.

ஏன் ஆஸ்ஃபெரிக்

சாதாரணத் தட்டை-குவி லென்ஸ் விலை குறைவு, கையருகே கிடைக்கும். அது ஏன் போதாது என்பதை ஒரு கணக்கு காட்டும். கோளப் பிறழ்ச்சியால் வரும் கோண மங்கல் சுமார் 0.067-ஐ எஃப் எண்ணின் (குவியத் தொலைவு ÷ கற்றை விட்டம்) மும்மடிப் பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது. இந்த ஃபைபரின் ஒளிக்கு எஃப் எண் எந்தக் குவியத் தொலைவிலும் ஒன்றுதான், 4.7. விடை 0.6 மில்லிரேடியனைத் தாண்டுகிறது. 11 மி.மீ-க்கு விளிம்பு விளைவு தரும் இயல்பான விரிவே 0.43 தான். ஆக பிறழ்ச்சி அதை மிஞ்சுகிறது.

இன்னும் கவனிக்க வேண்டியது: குவியத் தொலைவைக் கூட்டினால் இயல்பான விரிவு குறையும், பிறழ்ச்சியின் கோணம் குறையாது. 40 மி.மீ-ல் இயல்பான விரிவு 0.12 மில்லிரேடியன், தட்டை-குவி லென்ஸின் மங்கல் அதே 0.6. நீளமான லென்ஸில் பிறழ்ச்சி குறையும் என்ற பொதுவான நம்பிக்கை, ஒளி மூலம் ஃபைபராக இருக்கும்போது செல்லாது. லென்ஸ் நீள நீள விட்டமும் கூடவே பெருகிவிடுகிறதே.

வேறு வழியில்லாமல் தட்டை-குவி லென்ஸையே பயன்படுத்த நேர்ந்தால் தட்டைப் பக்கம் ஃபைபரைப் பார்க்க வேண்டும், குவிந்த பக்கம் இணைக்கற்றையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் பிறழ்ச்சி சுமார் 4 மடங்கு. ஆஸ்ஃபெரிக்குக்கும் இதே திசைதான்: அதிகம் வளைந்த பக்கம் இணைக்கற்றைக்கு.

20 மி.மீ-க்கு மேல் போனால் ஆஸ்ஃபெரிக்கை விட்டுவிட்டு இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த அக்ரோமாட்டிக் டப்லெட்டுக்கு மாறுங்கள். அணுக்களைக் குளிர்வித்துப் பிடிக்கும் காந்த-ஒளிப் பொறிக்கு 8 மி.மீ கற்றை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 40 மி.மீ டப்லெட் 8.45 மி.மீ தரும். 12.7 மி.மீ விட்டமுள்ள டப்லெட்டை வாங்கினால் துளை 11.4 மி.மீ அளவில்தான் இருக்கும், 1.35 மடங்கு, போதாது. 25.4 மி.மீ விட்டமுள்ளதை வாங்குங்கள்.

பூச்சு: 780 நா.மீ-க்கு 600–1050 அல்லது 650–1050 நா.மீ எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு. பூச்சு இல்லாத லென்ஸ் ஒவ்வொரு பரப்பிலும் 4 விழுக்காட்டுக்குக் குறையாமல் திருப்பி அனுப்பும். வார்ப்பு லென்ஸில் ஒளிவிலகல் எண் கூடிய கண்ணாடி இருந்தால் இன்னும் அதிகம்.

பிசியா, ஏபிசியா

எஃப்சி/பிசி கனெக்டரில் முனை நேராக வெட்டியிருக்கும், 3.4 விழுக்காடு ஒளி ஃபைபருக்குள்ளேயே திரும்பும். இரு முனையும் பிசி என்றால் ஃபைபரே ஓர் எட்டலான் (இரு முனைக்கும் இடையே ஒளி எதிரொளித்துக் குறுக்கிடும் அமைப்பு) ஆகிவிடும். 2 மீட்டர் ஃபைபருக்கு அதன் இடைவெளி 52 மெகாஹெர்ட்ஸ். லேசரை ஸ்கேன் செய்து ருபிடியம் நிறமாலையைப் பார்த்தால், ஒவ்வொரு 52 மெகாஹெர்ட்ஸுக்கும் ஒருமுறை சில விழுக்காடு ஏறி இறங்கும் அலை ஒன்று பின்னணியில் ஓடும். ருபிடியம்-87-ன் மேல்நிலையில் 2, 3 எண்ணுள்ள மட்டங்களுக்கு இடையே 267 மெகாஹெர்ட்ஸ்தான். அந்த அலை நிறமாலைக்கு நடுவே வந்து உட்கார்ந்து கொள்ளும். ஃபைபரைக் கையால் தொட்டால் அலை நகரும், அதை வைத்து எட்டலானை அடையாளம் காணலாம்.

அதனால் ஏபிசி. முனை 8 பாகை சாய்வாக வெட்டியிருப்பதால் எதிரொளி ஃபைபருக்குள் திரும்பாது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சாய்ந்த பரப்பில் ஒளி விலகி, ஃபைபரின் அச்சிலிருந்து 3.6 பாகை சாய்ந்து வெளியேறும், முனையின் நீண்டிருக்கும் பக்கமாக. 11 மி.மீ தள்ளி இருக்கும் லென்ஸில் அது மையத்திலிருந்து 0.70 மி.மீ தள்ளி விழும். 5.5 மி.மீ துளையில் ஒரு பக்கம் மிஞ்சும் ஆரம் 2.05 மி.மீ மட்டுமே. மேலே 2.37 என்று மகிழ்ந்த விகிதம் 1.77-க்கு இறங்கிவிடுகிறது. வளையங்கள் மறுபடி வரும், இம்முறை ஒரு பக்கமாக, பிறை போல.

லென்ஸை 0.7 மி.மீ நகர்த்தி மையத்தில் வாங்கலாமே என்றால், ஃபைபர் முனை லென்ஸின் அச்சிலிருந்து விலகிவிடும். வார்ப்பு ஆஸ்ஃபெரிக்குக்கு அச்சுக்கு வெளியே செயல்திறன் சுமார்தான், வால்மீன் பிறழ்ச்சி சேர்ந்துகொள்ளும். சரியான வழி ஃபைபர் முனையைத் தாங்கும் ஃபெருலையே 3.6 பாகை சாய்த்துப் பிடிப்பது. அப்படிச் சாய்த்துத் துளையிட்ட ஏபிசி அடாப்டர் தட்டுகள் விற்பனைக்கு உண்டு. வாங்கும்போது தட்டு சாய்வானதா, நேரானதா என்று படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இரண்டும் ஏபிசி என்ற பெயரிலேயே விற்கும். கனெக்டரைத் திரும்பவிடாமல் பிடிக்கும் சிறு நீட்சியான சாவியின் அகலத்தையும் பாருங்கள்: குறுகியது 2.0 மி.மீ, அகன்றது 2.2 மி.மீ. அகன்ற சாவி குறுகிய பள்ளத்தில் நுழையாது. குறுகிய சாவி அகன்ற பள்ளத்தில் நுழையும், ஆனால் தளர்ந்து ஆடும். ஆடினால் சாய்வின் திசை மாறும், துருவமுனைவு காக்கும் ஃபைபரில் அச்சும் சேர்ந்து மாறும்.

பூட்டுதல்

தேவையானவை: எம்9×0.5 மரையுள்ள உறையில் பொருத்திய 11 மி.மீ ஆஸ்ஃபெரிக், அதற்கேற்ற அடாப்டர், 30 மி.மீ கேஜ் தட்டு இரண்டு, 6 மி.மீ தண்டு நான்கு, சாய்ந்த ஏபிசி அடாப்டர், லென்ஸை முன்பின் நகர்த்த மைக்ரோமீட்டர் உள்ள சுழலாத இசட் நகர்த்தி ஒன்று. லென்ஸைப் பூட்டும் வளையத்துக்கு உரிய ஸ்பானர் கட்டாயம். குறடால் திருகினால் லென்ஸ் உறை கீறும், துகள் உள்ளே விழும்.

‘சுழலாத’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மரையைத் திருகியே குவியம் வைக்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் லென்ஸ் மரையின் மையத்திலிருந்து 50 மைக்ரான் விலகியிருந்தாலே, திருகத் திருகக் கற்றை 4.5 மில்லிரேடியன் ஆரத்தில் வட்டமடிக்கும். 1.5 மீட்டர் தூரத்தில் அது 7 மி.மீ ஆர வட்டம். கேமராவைக் கற்றையின் பின்னாலேயே துரத்திக்கொண்டிருக்க நேரும்.

எவ்வளவு நுணுக்கமாக நகர்த்த வேண்டும்? ஃபைபர் முனையில் கற்றையின் ராலே தூரம் 22 மைக்ரான். குவியம் வைப்பதில் வரும் எல்லாத் துல்லியத்துக்கும் அளவுகோல் இந்த எண்தான். அரை மி.மீ புரியுள்ள எம்9 மரையில் 22 மைக்ரான் என்பது 16 பாகைத் திருகல். குவியத் தொலைவு 11 என்றாலும் 40 என்றாலும் இந்த 22 மாறாது, அது ஃபைபருக்கு உரியது. தடியான முடி ஒன்றின் கால் பங்கு அகலத்துக்கு லென்ஸ் நகர்ந்தாலே நிலைமை வேறு.

ஃபைபர் முனையை மாட்டுவதற்கு முன்னால் 200 அல்லது 400 மடங்கு ஃபைபர் ஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள். மையத்தில் ஒரு கறை இருந்தால் உலர் துணிக் கிளீனரால் எடுங்கள். அதற்கும் போகாவிட்டால் இழை உதிராத தாளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். அழுக்கான முனையோடு குவியம் வைத்தால் கற்றை ஒழுங்கற்று இருப்பதற்கு லென்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

லேசர் திறனை ஒரு மில்லிவாட்டுக்குக் கீழே இறக்குங்கள். 780 நா.மீ கண்ணுக்கு மிக மங்கலான சிவப்பாகத்தான் தெரியும், அதனால் கண் தானாக மூடிக்கொள்ளாது. மங்கலாகத் தெரிகிறதே என்று நம்பிக் கற்றையின் மட்டத்துக்குத் தலையைக் குனியாதீர்கள். அகச்சிவப்பு அட்டையையும் கேமராவையும் மட்டும் பயன்படுத்துங்கள்.

தொடக்க நிலைக்கு லென்ஸின் பின்புறத்திலிருந்து ஃபைபர் வரையிலான வேலைத் தூரத்தைத் தரவுத்தாளில் பாருங்கள். அது 11 மி.மீ அல்ல, கண்ணாடியின் தடிமன் காரணமாக அதைவிடக் குறைவு. ஸ்கேல் வைத்து அந்த இடத்துக்குக் கொண்டுவந்து, சுவரில் விழும் பொட்டைப் பார்த்து கிட்டத்தட்டக் குவியம் வையுங்கள். லென்ஸை ஃபைபரிலிருந்து மெல்ல விலக்கும்போது, முதலில் விரிந்த கற்றை, பிறகு இணையானது, பிறகு குவிந்து மறுபடி விரிவது என்ற வரிசையில் போகும்.

இந்த முதல்கட்டத்துக்கு 650 நா.மீ சிவப்புப் பேனாவைப் பயன்படுத்தும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் என்பதால் வசதிதான். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. பிகே7 போன்ற கண்ணாடியில் 650-க்கும் 780-க்கும் இடையே 11 மி.மீ லென்ஸின் குவியம் 70 மைக்ரான் நகர்கிறது, 22 மைக்ரானின் மூன்று மடங்கு. சிவப்புக்குக் கச்சிதமாக வைத்த நிலையில் 780 நா.மீ கற்றை விரிந்துகொண்டே போகும், 1 மீட்டரில் விட்டம் 3.7 மி.மீ ஆகிவிடும். இன்னொன்று, 780-எச்பி ஃபைபரின் வெட்டு அலைநீளம் 730 ± 30 நா.மீ. அதைவிட அலைநீளம் குறைந்த சிவப்பு ஒளிக்கு அது சிங்கிள்மோட் அல்ல. இரண்டு மடலாகப் பிரிந்த பொட்டு தெரியும், ஃபைபரை வளைத்தால் அது உருமாறும். அதைப் பார்த்து ஃபைபர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

அளந்து குவியம் வைப்பது

நுண்குவியத்துக்குக் கேமராதான் எளிது. 2.3 மி.மீ கற்றைக்கு சென்சாரின் குறுகிய பக்கம் குறைந்தது 5 மி.மீ வேண்டும். சிறிய சென்சாரில் கற்றையின் ஓரம் வெளியே போய், விட்டம் குறைவாகக் காட்டும். சென்சார் மேலுள்ள பாதுகாப்புக் கண்ணாடி கோடுகோடாகக் குறுக்கீட்டு வரிகளைத் தந்தால் கேமராவைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். உட்கவரும் வகை வடிகட்டியால் ஒளியைக் குறைத்து, எந்த பிக்சலும் உச்சத்தை எட்டாதபடி பாருங்கள். கற்றையை மறைத்து ஒரு பின்னணிப் படம் எடுத்துக் கழிக்காமல் விட்டத்தைக் கணக்கிடாதீர்கள். ஓரத்தில் மிஞ்சும் சிறு பின்னணிகூட விட்டத்தைப் பெரிதாக்கிவிடும். அரை உச்ச அகலத்தை அளந்து 1.70-ஆல் பெருக்குவது அவசரத்துக்குப் போதுமான வழி.

கேமரா இல்லையென்றால் சவர பிளேடும் ஃபோட்டோடயோடும் போதும். பிளேடை மைக்ரோமீட்டர் நகர்த்தியில் பொருத்திக் கற்றையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போங்கள். கடக்கும் திறன் 84 விழுக்காடாக இருக்கும் இடத்துக்கும் 16 விழுக்காடாக இருக்கும் இடத்துக்கும் உள்ள தூரமே கற்றையின் ஆரம். இங்கே 1.16 மி.மீ-ஐ ஒட்டி வர வேண்டும். நிதானமான வேலை, ஆனால் பல மலிவான கேமராக்களைவிட நம்பகமானது.

எங்கே அளப்பது? லென்ஸுக்கு அருகே 0.3 மீட்டரில் ஒன்று, கண்ணாடிகளால் மடக்கி 3 மீட்டரில் ஒன்று. ஃபைபர் முனை சரியாகக் குவியத்தில் இருந்தால் கிட்டே 2.32, தூரத்தில் 2.65 மி.மீ வரும். இரண்டு இடத்திலும் சமமாக வர வேண்டுமென்று லென்ஸை நகர்த்தினால், கற்றையின் குறுகிய இடம் 1.65 மீட்டருக்குப் போகிறது, அதற்குத் தேவையான நகர்வு வெறும் 7.5 மைக்ரான். எது ‘சரி’ என்பது உங்கள் பாதையைப் பொறுத்தது. ஒன்றரை மீட்டர் பாதைக்கு எனக்குப் பிடித்தது குறுகிய இடத்தைக் குப்பியின் நடுவில் வைப்பது. போகும் கற்றையும் திரும்பும் கற்றையும் அங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுவதால்.

குறுகிய இடத்தை எவ்வளவு தூரம் தள்ள முடியும் என்பதற்கும் எல்லை உண்டு. 11 மி.மீ லென்ஸில் அதிகபட்சம் 2.7 மீட்டர், லென்ஸின் ராலே தூரத்தில் பாதி. அந்த நிலைக்கு லென்ஸ் ஃபைபரிலிருந்து சரியாக 22 மைக்ரான் விலகியிருக்கும், குறுகிய விட்டம் 1.64 மி.மீ ஆகியிருக்கும். அதற்கு மேலும் லென்ஸை விலக்கினால் குறுகிய இடம் தூரம் போகாது, திரும்பி உங்களை நோக்கி வரும். 5 மீட்டரில் குவியம் வைக்கப் பார்த்து முடியாமல் போனால் காரணம் இதுதான். லென்ஸில் குறை இல்லை, நீளமான லென்ஸ் வேண்டும்.

ஷியர் தட்டைப் பற்றியும் ஒரு சொல்; கற்றை இணையாக இருக்கிறதா என்பதைக் குறுக்கீட்டு வரிகளின் சாய்வால் காட்டும் கண்ணாடித் தட்டு அது. பெரிய கற்றைக்கு அருமையான கருவி. 2.3 மி.மீ கற்றையில் இரண்டு மூன்று வரிகளே தெரியும், அவற்றின் சாய்வைக் கண்ணால் கணிப்பது மேலே சொன்ன 7.5 மைக்ரானைப் பிடிக்கப் போதாது. 8 மி.மீ டப்லெட் கற்றைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இதையெல்லாம்விடக் கூர்மையான முறை ஒளியை ஃபைபருக்குள்ளேயே திருப்பி அனுப்புவது. லேசருக்கும் இந்த ஃபைபருக்கும் இடையில் 50:50 கப்லர் (ஒளியை இரண்டு ஃபைபர்களுக்குப் பாதிப்பாதியாகப் பிரிக்கும் கருவி) ஒன்றைப் போட்டு, திரும்பும் ஒளியை நான்காவது முனையில் பவர் மீட்டரில் பாருங்கள். குறுகிய இடம் எங்கே வேண்டுமோ அங்கே ஒரு தட்டைக் கண்ணாடியை வைத்து, அதன் சாய்வையும் லென்ஸின் நிலையையும் மாறிமாறித் திருத்தி அதிகபட்சத்தைத் தேடுங்கள். கப்லரை இருமுறை கடப்பதால் எவ்வளவு நன்றாக வைத்தாலும் உள்ளே விட்டதில் 25 விழுக்காட்டுக்கு மேல் வராது. 20-ஐத் தாண்டினால் குவியமும் லென்ஸும் நல்ல நிலையில் உள்ளன. 10-ஐத் தாண்டவே மறுத்தால், சாய்வையும் தூசியையும் சரிபார்த்த பிறகு, லென்ஸ் திரும்பி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த முறைக்கும் ஏபிசி முனை அவசியம், பிசி என்றால் முனையிலேயே திரும்பும் 3.4 விழுக்காடு அளவீட்டில் கலந்துவிடும்.

மல்டிமோடுக்கு இந்த எம்.எஃப்.டி கணக்கு எதுவும் பொருந்தாது

200 மைக்ரான் உள்ளகம், 0.22 என்.ஏ உள்ள ஃபைபரோடு அதே 11 மி.மீ லென்ஸை வைத்தால் லென்ஸில் விட்டம் 2 × 11 × 0.22 = 4.84 மி.மீ. விரிகோணம் 200 மைக்ரான் ÷ 11 மி.மீ = 18 மில்லிரேடியன். 1 மீட்டரில் பொட்டு 23 மி.மீ. இதற்கு எந்த விலை உயர்ந்த லென்ஸும் மருந்து ஆகாது. உள்ளக விட்டத்தைக் குறைக்க வேண்டும் அல்லது குவியத் தொலைவைக் கூட்டிப் பெரிய கற்றையை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பூட்டிய பிறகு

பூட்டு வளையத்தை இறுக்கும்போது லென்ஸ் சில மைக்ரான் நகரும். எனவே இறுக்கியபடியே அளவைப் பாருங்கள், இறுக்கிவிட்டு அல்ல. ஒட்டினால் சுருக்கம் குறைந்த யுவி பசை, மூன்று இடங்களில் சிறு பொட்டாக. சூப்பர் குளூ கூடாது, அதன் ஆவி லென்ஸிலும் ஃபைபர் முனையிலும் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். அலுமினியக் குழாய் 10 பாகை வெப்ப மாற்றத்துக்கு 11 மி.மீ-ல் 2.5 மைக்ரான் நீளும், 22-க்கு முன்னால் பொருட்டல்ல. 40 மி.மீ டப்லெட்டில் அது 9 மைக்ரான், ஏசி நின்று போகும் அறையில் கவனித்தாக வேண்டும்.

ஃபைபரைக் கழற்றி மாட்டும்போது முனை பக்கவாட்டில் 5 மைக்ரான் விலகினால் கற்றை 0.45 மில்லிரேடியன் திரும்பும், அதாவது தன் முழு விரிகோணத்தின் அளவுக்கு. அதே பேட்ச்கார்டை (இரு முனையிலும் கனெக்டர் உள்ள ஃபைபர் வடத்தை) திரும்ப மாட்டியிருந்தால் குவிய மைக்ரோமீட்டரைத் தொடாதீர்கள், குப்பிக்கு முன்னுள்ள இரண்டு கண்ணாடிகளால் திசையை மட்டும் மீட்டெடுங்கள். பேட்ச்கார்டே மாறியிருந்தால் கதை வேறு. ஃபெருல் முன்னே நீண்டிருக்கும் அளவு கார்டுக்குக் கார்டு சில பத்து மைக்ரான் வேறுபடும், எம்.எஃப்.டி-யும் அதே எண்ணாக இருக்காது. 0.3 மீட்டரிலும் 3 மீட்டரிலும் விட்டத்தை அளப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.